பிராக் சந்தைச் சதுக்கத்தின் கல்மணி வீடு

பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்தில், இரட்டைக் கோபுரத் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும் வீடுகளில் ஒன்று மட்டும் பூச்சில்லாத வெறுங்கல்லில், கோபுரம்போல் ஒடுங்கி உயர்ந்து நிற்கிறதே, அது தேவாலயத்தைச் சேர்ந்ததா, இல்லை பழையதுபோலத் தோன்ற வேண்டும் என்று அண்மையில் கட்டப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை என்பதே சுருக்கமான விடை. ஆனாலும் உங்கள் இரண்டாவது ஐயத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. அந்த முகப்பு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதே நேரத்தில், நாம் இன்று பார்க்கும் நிலையில் அது வெளிச்சத்துக்கு வந்தது 1980களில்தான். நடுவில் பல தலைமுறைகள் அது பூச்சுக்குள் புதைந்து கிடந்தது.

அதன் பெயர் கல்மணி வீடு. தேவாலயத்துக்கும் அதற்கும் இடையே ஒரு சந்து ஓடுகிறது. கட்டடத்தில் இரண்டுக்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால் வயதில் மூத்தது வீடுதான். தீன் அன்னை மரியா தேவாலயம் இன்றைய உருவில் எழத் தொடங்கியது 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதன் வடகோபுரம் 15ஆம் நூற்றாண்டிலும் தென்கோபுரம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிறைவுற்றன. அத்தனை பெரிய தேவாலயம் சதுக்கத்தைப் பார்த்து நேராக நிற்க முடியாமல், வளைவு நடைகள் கொண்ட வீடுகளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதும், அதற்குள் போக வேண்டுமானால் முன்னாள் தீன் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தின் வழியாக நுழைய வேண்டியிருப்பதும் புதிதாக வருபவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். சந்தையைப் பார்த்த மனையின் மதிப்பு அப்படிப்பட்டது. ஒருமுறை வணிகர் கைக்குப் போன முகப்பு வரிசையை எளிதில் திரும்பப் பெற முடியாது.

வீட்டைப் புரிந்துகொள்ள முதலில் சந்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். வில்தவா ஆற்றைக் கடக்கும் துறையை நோக்கி வந்த வணிகப் பாதைகள் கூடிய இடத்தில் உருவானது இந்தத் திடல். அதை ஒட்டி, தேவாலயத்தின் பின்புறத்தில், உங்கெல்ட் என்றும் தீன் முற்றம் என்றும் வழங்கும் மதில்சூழ் வளாகம் இருந்தது. வெளிநாட்டு வணிகர்கள் அங்கே சரக்கை இறக்கி, சுங்கம் கட்டி, தங்கி, பாதுகாப்பாக விற்றுப் போனார்கள். உங்கெல்ட் என்ற பெயரே சுங்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆகவே கல்மணி வீடு நிற்கும் மனை, சந்தைத் திடலும் சுங்க வளாகமும் ஒன்றையொன்று தொடும் முனையில் அமைந்தது. நகரத்திலேயே பணம் மிகுதியாகப் புழங்கிய இடம் அது என்று சொன்னால் தவறாகாது.

இந்தப் பகுதியில் 12ஆம் நூற்றாண்டிலேயே கல்வீடுகள் இருந்தன. அவற்றின் கல்லை ஓபுகா என்பார்கள்; களிமண் கலந்த ஒருவகைச் சுண்ணாம்புக்கல், வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். படுகை படுகையாகப் பிரியக்கூடியது என்பதாலும் வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக இருக்கும் என்பதாலும், அதைச் சிறு சிறு சதுரக் கட்டிகளாகச் செதுக்கி, மெல்லிய சாந்துக் கோடுகளோடு அடுக்குவது எளிது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். உப்பேறினால் மேற்பரப்பு ஓடு ஓடாக உதிரும். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தார் ஏன் இத்தகைய சுவர்கள்மேல் பூச்சுப் பூசினார்கள் என்ற கேள்விக்கு இது ஓரளவு விடை சொல்லும்.

பழைய நகரத்துக்கு 13ஆம் நூற்றாண்டில் மதில் எழுந்து நகர உரிமைகள் கிடைத்த காலத்தை ஒட்டி ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஆற்று வெள்ளம் அடிக்கடி புகுந்ததால் தெருக்களின் மட்டத்தையே மண்கொட்டி உயர்த்தினார்கள். பல இடங்களில் 2 முதல் 3 மீட்டர் வரை தரை ஏறியது. அதனால் அதுவரை தெருவைப் பார்த்திருந்த தரைத்தளங்கள் நிலவறைகளாகிவிட்டன. அவற்றின்மேல் புதிய தளங்கள் எழுந்தன. பழைய நகரத்தில் இன்றும் பல வீடுகளின் நிலவறைக்கு இறங்கினால் ரோமனெஸ்க் காலத்து, அதாவது கோதிக் பாணிக்கு முந்தைய காலத்து வரவேற்பறைக்குள்தான் நிற்போம். இதற்கு நல்ல சான்று ரெட்டெசோவா தெருவில், குன்ஷ்டாட், பொடெப்ராடி பிரபுக்களின் பெயரில் வழங்கும் வீடு. 1458இல் பொஹீமியாவின் (பிராக்கைத் தலைநகராகக் கொண்ட நாட்டின்) அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொடெப்ராடி ஜார்ஜ் அதற்கு முன் அங்கே வசித்தார். படியிறங்கிப் போனால், தூண்கள்மேல் குறுக்கு வளைகூரை கவிந்த அறைகளும், செதுக்கிய ஓபுகாக் கட்டிகளின் ஒழுங்கான வரிசைகளும், சுவரில் கணப்படுப்பும் தென்படும். நிலவறையில் யாராவது இவ்வளவு அக்கறையாகக் கல் செதுக்குவார்களா என்று நின்று யோசித்தால்தான், அது நிலவறையாகக் கட்டப்பட்டது அல்ல என்பது உறைக்கும். மத்திய ஐரோப்பாவின் சந்தைச் சதுக்க வீடு எதையும் படிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான்: முகப்பைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள், அடியிலிருந்து தொடங்குங்கள்.

இனி கல்மணி வீட்டுக்கு வருகிறேன். 13ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கல்வீடு இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கோபுர வடிவிலான நகர அரண்மனையாக மாற்றிக் கட்டினார்கள். அந்தக் காலத்து அரசியல் நிலையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. ஆற்றின் மறுகரையில் குன்றின்மேல் இருந்த பிராக் கோட்டை 1303இல் தீப்பிடித்துப் பாழானது. 1306இல் ப்ர்ஷெமிஸ்ல் அரசமரபின் ஆண்வழி அற்றுப்போனது. 1310இல் அந்த மரபின் இளவரசி எலிஷ்காவை மணந்த லக்சம்பர்க் ஜான் பிராக்கைக் கைப்பற்றி அரசரானார். அரியணை கிடைத்தது, குடியிருக்கக் கோட்டை இல்லை. எனவே புதிய அரச தம்பதி நகரத்துக்குள், செல்வர் வாழும் பகுதியில் தங்க வேண்டியிருந்தது. அவர்கள் தங்கிய இடங்களில் இந்த வீடும் ஒன்று என்று வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். 1316 மே 14 அன்று பிராக்கில் பிறந்த அவர்களுடைய மகன், பிற்காலத்தில் பேரரசரான நான்காம் சார்லஸ், இங்கேயே பிறந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

இவை முகப்பைக் கொண்டு செய்த ஊகங்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் வலுவான ஊகங்கள். சதுக்கத்தைப் பார்த்த மேற்கு முகப்பில், மேல்தளங்களில் கல்பின்னல் வேலையுடன் கூடிய பெரிய ஜன்னல்களும், சிலைகளுக்கான மாடங்களும் இருக்கின்றன. அந்த மாடங்களைச் சேர்ந்தவையாகக் கிடைத்த துண்டுகளில் அரியணையில் அமர்ந்த ஓர் அரசரும் ஓர் அரசியும், அவர்களுடன் காவலர்போல் நிற்கும் உருவங்களும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சந்தையில் நின்று மீன் பேரம் பேசுபவரும், உங்கெல்டிலிருந்து துணிப்பொதியோடு வெளியே வருபவரும் தலைநிமிர்ந்தால் அரச தம்பதியின் உருவம் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள். எந்தத் துணி வணிகரும், எவ்வளவு செல்வராக இருந்தாலும், தம் வீட்டு முகப்பில் இப்படி ஓர் அமைப்பைத் துணிந்து வைத்திருக்க மாட்டார். உள்ளேயும் அதே கதைதான். தரைத்தளத்தில் ஒரு சிற்றாலயம், அதன் சுவர்களில் 14ஆம் நூற்றாண்டு ஓவியங்களின் எச்சங்கள்; முதல் தளத்தில் இன்னொரு வழிபாட்டு அறை. ஒரு நகர வீட்டுக்கு இரண்டு வழிபாட்டு இடங்கள் தேவைப்படுவதில்லை, அரசவைக்குத் தேவைப்படும்.

இங்கே ஒரு சிறு விலகல். ஏழு வயதில் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பப்பட்ட சார்லஸ், 1333இல் நாடு திரும்பியபோதும் கோட்டை பாழாகவே கிடந்தது. தங்குவதற்கு இடமின்றி, மற்ற நகரத்தாரைப் போல நகரத்து வீட்டில்தான் தங்க வேண்டியிருந்தது என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் கோட்டையை மீட்டெடுத்து, பேராலயத்தையும் ஆற்றுப் பாலத்தையும் புதிய நகரத்தையும் எழுப்பிய அந்தக் கட்டட வெறிக்கு, இளம் வயதில் பட்ட இந்த வீட்டுக் குறையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கோட்டை மீண்டும் எழுந்த பிறகு அரசருக்கு நகர வீடு தேவைப்படவில்லை. வீடு நகரத்தார் கைக்கு மாறியது. மூலையில் பதித்த கல்மணியால் ஏற்பட்ட பெயர் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கில் இருந்தது. சந்துமுனையில் நின்று பார்த்தால், கைக்கு எட்டாத உயரத்தில், சுவரின் விளிம்பையே கவ்வியபடி அந்த மணி இருக்கும். நாக்கில்லாத, ஒலிக்காத மணி. 1310இல் ஜானின் படை நகர வாயிலில் காத்திருந்தபோது, தீன் தேவாலய மணியை அடித்து உள்ளிருந்தவர்கள் அடையாளம் காட்டினார்கள் என்றும், அதன் நினைவாகவே இது வைக்கப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை அழகானது. அதைவிட எளிய காரணம், வீடுகளுக்கு எண் இல்லாத காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்பது. சதுக்கத்தைச் சுற்றி வந்தால் வெள்ளை ஒற்றைக்கொம்பன், கல்லாட்டுக்குட்டி என்று இத்தகைய பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். சொத்து ஆவணங்களிலும் கடன் பத்திரங்களிலும் வீடு அந்தப் பெயரால்தான் குறிக்கப்பட்டது. 1770இல், மரியா தெரேசாவின் ஆட்சியில், வீடுகளுக்கு எண் இடும் முறை வந்தது. இன்றும் பிராக் வீடுகளில் இரண்டு எண்பலகைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிவப்புப் பலகை கட்டடத்தின் பதிவு எண், நீலப் பலகை தெருவில் அதன் வரிசை எண். கல்மணி வீட்டின் பதிவு எண் 605, சதுக்கத்தில் அதன் எண் 13.

நகரத்தார் கையில் வீடு என்ன ஆனது என்பதற்கு, அக்காலச் சதுக்க வீடுகள் எப்படி இயங்கின என்பதே விடை. முகப்பு குறுகலாகவும் மனை பின்னோக்கி நீண்டும் இருக்கும். வாயிலைக் கடந்ததும் மாஸ்ஹவுஸ் எனப்படும் பெரிய வளைகூரைக் கூடம். அங்கே சரக்கு வைப்பார்கள், தொழில் செய்வார்கள், பீர் விற்பார்கள். பீர் காய்ச்சும் உரிமை தனி மனிதரைவிட வீட்டோடுதான் சேர்ந்திருந்தது. அதனால் அந்த உரிமையுள்ள வீட்டின் மதிப்பும் கூடும். மேல்தளத்தில் குடும்பம், அதற்கும் மேலே கூரைக்கடியில் தானியமும் சரக்கும், பின்னால் முற்றம், முற்றத்தைச் சுற்றி மரநடைகள், கொட்டகைகள். இந்த வாழ்க்கைக்கு அரசர் காலத்து உயர்ந்த கூடங்கள் வீண். உயரமான ஒரு தளத்தை இரண்டாகப் பிரிக்கலாம், பெரிய ஜன்னலை அடைத்து வசதியான சிறு ஜன்னல்களைத் திறக்கலாம், வாடகைக்கு விடலாம். 17ஆம் நூற்றாண்டிலிருந்து, பரோக் எனப்படும் அக்காலக் கட்டடப் பாணியில் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நடந்தன.

மாற்றிய விதம்தான் பிற்காலத்துக்குப் பேருதவியாக அமைந்தது. சமதளமான பரோக் முகப்பு வேண்டுமானால், வெளியே துருத்திய, 14ஆம் நூற்றாண்டின் கோதிக் பாணி வேலைப்பாடு முழுவதும் போக வேண்டும். ஆகவே கொத்தனார்கள் உளியும் சுத்தியலும் கொண்டு, ஜன்னல் பின்னல்களையும், மாடங்களின் விதானங்களையும், சிலைகளையும் சுவர்மட்டத்துக்கு வெட்டி எறிந்தார்கள். ஆனால் எறிந்தவற்றை வண்டிக்கூலி கொடுத்து வெளியே அனுப்பவில்லை. அடைக்க வேண்டிய ஜன்னல் குழிகளும் நிரப்ப வேண்டிய சுவர்களும் அருகிலேயே இருக்க, உடைத்த கல்லையே அவற்றுக்குள் திணித்து, சாந்து ஊற்றி, மேலே பூசிவிட்டார்கள். அரசரின் தலையும் அரசியின் ஆடை மடிப்பும் நிரப்புக் கல்லாகிவிட்டன. சிக்கனமே காப்பகமாக மாறியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் முகப்பு மேலும் ஒருமுறை நவ பரோக் பாணியில் திருத்தப்பட்டது. அப்போது சதுக்கத்தில் நின்றவருக்கு, அது அக்கம்பக்கத்தைப் போன்ற மற்றொரு பூச்சுவீடு, அவ்வளவுதான்.

1960களில் நடந்த கட்டட ஆய்வில் பூச்சுக்கடியில் கோதிக் சுவர் தலைகாட்டியது. அடுத்த இரு பத்தாண்டுகளில் பூச்சை நீக்கி, அடைத்த ஜன்னல்களைத் திறந்து, சுவர்களுக்குள்ளிருந்து எடுத்த துண்டுகளை அடுக்கிப் பொருத்திப் பார்த்து, அவை எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று கண்டறியும் வேலை நடந்தது. இல்லாமல் போன பகுதிகளுக்குப் புதிய கல் வைக்கப்பட்டது. 1988இல் வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது பிராக் மாநகரக் கலைக்கூடம் அங்கே கண்காட்சிகளை நடத்துகிறது. மீட்ட சிலைத் துண்டுகளை மழையிலும் புகையிலும் மீண்டும் நிறுத்தாமல் தனியாகப் பாதுகாக்கிறார்கள்.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு இப்போது வருகிறேன். இந்த முகப்பு உண்மையானதா? கட்டடப் பாதுகாப்பில் இன்றும் அடிப்படை ஆவணமாகக் கொள்ளப்படும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் தந்த பங்கை மதிக்க வேண்டும் என்கிறது. அடியிலுள்ள பழைய அடுக்கை வெளிக்கொணர வேண்டுமானால், நீக்கப்படுவது அதிக மதிப்பற்றதாகவும் வெளிப்படுவது மிகுந்த வரலாற்று அல்லது கலை மதிப்புள்ளதாகவும் இருக்க வேண்டும், அதுவும் விதிவிலக்காகவே என்று அதன் 11ஆம் பிரிவு எச்சரிக்கிறது. கல்மணி வீட்டில் நீக்கியது நவ பரோக் பூச்சு. அத்தகைய பூச்சு நகரெங்கும் இருக்கிறது. வெளிப்பட்டது ஐரோப்பாவில் அரிதாகவே மிஞ்சியுள்ள, 14ஆம் நூற்றாண்டின் அரசத் தொடர்புள்ள நகர அரண்மனை முகப்பு. விதிவிலக்கு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது என்பது என் கருத்து. ஆனால் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரச குடும்பம் இங்கே இருந்தது சில ஆண்டுகள்தான். வணிகரும் வாடகைக்குடிகளும் இருந்தது சில நூற்றாண்டுகள். முகப்பு இன்று அந்தச் சில ஆண்டுகளின் கதையை மட்டுமே சொல்கிறது.

இதே சதுக்கத்தில் வேறு முடிவுகளும் எடுக்கப்பட்டிருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. வடக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் கின்ஸ்கி அரண்மனை, பழைய மனைகளை ஒன்றாக்கி 1755க்கும் 1765க்கும் இடையில் அன்செல்மோ லுராகோ கட்டியது. சுதை வேலைப்பாடுள்ள அதன் இளஞ்சிவப்பு முகப்பைச் சுரண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் முன்வர மாட்டார்கள், முன்வரவும் கூடாது. எழுத்தாளர் காஃப்கா படித்த ஜெர்மன் உயர்பள்ளி அங்கேதான் இருந்தது. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்ட் மக்களிடம் பேசியது அதன் மாடியிலிருந்துதான். எதிர்ப்புறத்தில் பழைய நகர மன்றம், 1338இல் அதே ஜான் அரசரின் அனுமதியோடு ஒரு செல்வரின் மூலைவீட்டை வாங்கித் தொடங்கி, பிறகு பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்தது. அதனால்தான் அதன் முகப்பு ஒரே கட்டடம்போல் இல்லாமல் வீட்டு வரிசைபோல் இருக்கிறது. அந்த வரிசையின் கடைசி வீடான மினூட்டாவை நகரம் வாங்கியது 1896இல். காஃப்காவின் குடும்பம் 1889 முதல் 1896 வரை அங்கே குடியிருந்தது. அந்த வீட்டின் சுவரில் இன்று காணும் மறுமலர்ச்சிக் காலத்துக் கீறல் சித்திரங்கள் அப்போது பூச்சுக்கடியில் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அவை வெளிப்பட்டன. சிறுவன் காஃப்கா அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தான் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நேரில் போகும்போது முகப்பை எதிரில் நின்று படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பிற்பகலில் போங்கள், மேற்கு முகப்பு என்பதால் அப்போதுதான் சாய்வெயில் கல்லின்மேல் படும், உளித்தடங்கள் தெரியும். சுவருக்கு நெருங்கி நின்று பார்த்தால், விளிம்பு மழுங்கி, கொத்தித் தள்ளிய வடுக்களோடு இருக்கும் கற்களுக்கு நடுவே, விளிம்பு கூர்மையாக, நிறம் சீராக இருக்கும் கற்கள் பொருத்தப்பட்டிருப்பதைப் பிரித்தறியலாம். முன்னவை 14ஆம் நூற்றாண்டின் கொத்தனார் வைத்து 17ஆம் நூற்றாண்டின் கொத்தனார் வெட்டியவை. பின்னவை 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. பிறகு உள்ளே போய், கண்காட்சிக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கைத் தரைத்தளத்துச் சிற்றாலயத்துக்கும் கொடுங்கள்.